லூர்துமேரியின் வரப்பில் நான் போட்ட கோடு

காலை ஐந்தே முக்கால் மணி, பதினான்கு சைக்கிள், கணேசமூர்த்தி. வழி போடுகிறவனின் ஞாயிற்றுக்கிழமை இந்த மூன்றோடுதான் தொடங்குகிறது.

கணேசமூர்த்தி பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியார். எங்கள் சைக்கிள் குழுவுக்குத் தலைவர். கீழ ராஜ வீதி டீக்கடை முன்னால் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி, டயரை அழுத்திப் பார்த்துவிட்டு, கடைசியாக என்னிடம் வந்து கேட்பார்: “சார், இன்னைக்கு எங்கிட்டு?” நான் முப்பது வருஷம் ஒரு தினசரியில் மாவட்டச் செய்தி எழுதி ஓய்வு பெற்றவன். புதுக்கோட்டை மாவட்டத்தில் எனக்குத் தெரியாத ஊர் இல்லை என்று குழுவில் ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கையை நான் கெடுக்கவில்லை. சனிக்கிழமை மாலை கைபேசியில் வரைபடத்தைத் திறந்துவைத்து வழி போடுவேன் என்பது கணேசமூர்த்திக்கு மட்டும் தெரியும்.

அது பொதுமக்களே சேர்ந்து போடும் வரைபடம். யாரும் கோடு போடலாம், யாரும் திருத்தலாம். யார், எப்போது போட்டார் என்ற பெயரும் தேதியும் அதிலேயே நிற்கும். பத்திரிகையில் இருப்பதுபோல ஆசிரியர் என்று ஒருவர் கிடையாது. நீங்களும் ஒரு தடவையாவது போனை நம்பிப் போய் யார் வீட்டு மாட்டுக்கொட்டகை வாசலிலாவது நின்றிருப்பீர்கள். அப்படி நின்றவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை.

தைலமரக் காட்டில் பதினேழு ரோடு

நார்த்தாமலைக்கு மெயின் ரோட்டில் போனால் லாரிப் புகை. அதனால் உள்வழி தேடினேன். வரைபடத்தில் தைலமரக் காட்டுக்குள் அழகான ரோடுகள் இருந்தன. ஒன்று, இரண்டு இல்லை, பதினேழு. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல நேர் நேராக, ஒன்றுக்கொன்று சமமான தூரத்தில். இத்தனை ஒழுங்கான ரோடு நம் மாவட்டத்தில் எப்படி வந்தது என்று ஒரு பத்திரிகைக்காரனுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

உள்ளே போனோம். செம்மண், இரண்டு பக்கமும் வெளுத்த மரம், காலடியில் சலசலவென்று காய்ந்த இலை. ஒரு மைல் போனதும் அகழி வெட்டியிருந்தது. திரும்பி வந்து அடுத்த ரோட்டில் போனோம். அங்கும் அகழி. மூன்றாவதிலும் அதே அகழி. எங்கேயோ உட்கார்ந்து வான்படத்தைப் பார்த்து வரைந்த ஒருவர், மர வரிசைகளுக்கு நடுவில் விட்டிருந்த இடைவெளியையெல்லாம் ரோடு என்று போட்டுவைத்திருக்கிறார். வெட்டிய கட்டையை அடுக்கிக்கொண்டிருந்த ஒருவர் நாங்கள் வருவதையும் போவதையும் மூன்று முறை பார்த்தார். நான்காவது முறை கோடரியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

“மரம் வைக்கிறதுக்காக விட்ட எடங்க இது. நட்ட மரமே இந்த வழியா எங்கயும் போகல. நீங்க எங்க போறீங்க?”

குறுக்கு வழி, கார்த்திகையில்

அன்னவாசல் பக்கம் ஒரு கண்மாய். அதைச் சுற்றிப் போனால் நாலு கிலோமீட்டர், குறுக்கே போனால் ஒன்று என்றது வரைபடம். குறுக்கே தெளிவாக ஒரு கோடு இருந்தது. போட்டவர் பொய்யர் இல்லை. சித்திரையில் வந்திருக்கிறார். கண்மாய் வறண்டு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த சமயத்தில் அதன் மேல் நிஜமாகவே வண்டி ஓட்டிப் போய்ப் பதிந்திருக்கிறார். நாங்கள் போனது கார்த்திகை. கரையில் ஏறி நின்றால் எதிர்க்கரைவரை தண்ணீர், நடுவில் நாரைக் கூட்டம்.

கணேசமூர்த்தி போனைப் பார்த்தார், கண்மாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எருமையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தவரிடம் போனை நீட்டி, “அண்ணே, இங்க வழி இருக்குன்னு போட்டிருக்கே?” என்றார். அவர் ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு போனை வாங்கி, நிதானமாகப் பார்த்தார்.

“வழி இருக்குங்க. இல்லேன்னு சொல்லல. தண்ணிதான் அதுக்கு மேல இருக்கு.”

சாலைக்கு எதிர்ப்பக்கம்

கொடும்பாளூர் மூவர் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது டீ குடிக்க வேண்டும். வரைபடத்தில் ஒரு டீக்கடைக் குறி, ‘வடை நன்றாக இருக்கும்’ என்ற குறிப்போடு. தேடிப் போனால் அந்த இடத்தில் நாற்கரச் சாலையின் நடுத்திட்டு, அரளிச் செடி. பதினான்கு பேரும் அரளிச் செடியைச் சுற்றி நின்றோம். எதிர்ப்பக்கத்திலிருந்து ஒருவர் கையை ஆட்டிக் கத்தினார்:

“கட இங்கிட்டு வந்து ஆறு வருசமாச்சு! ஒங்க போனுக்கு யாரும் சொல்லலியா?”

சைக்கிளுக்கு நேர்த்திக்கடன்

கீரமங்கலம் போகிற வழியில் ஓர் ஊர். ஊர் எல்லையில் வேப்பிலைத் தோரணம் கட்டியிருந்தது. காப்புக் கட்டிவிட்டார்கள். திருவிழா முடிகிறவரை கோயில் இருக்கும் தெருவில் யாரும் செருப்புப் போட்டு நடக்கக் கூடாது, வண்டியில் ஏறிப் போகக் கூடாது. எங்கள் வழி அந்தத் தெருவில்தான். வருஷத்தில் எட்டு நாள் மட்டும் ஒரு ரோடு வேறு மாதிரி இருக்கும் என்பதை வரைபடத்தில் எந்தக் கட்டத்தில் எழுதுவது? இன்றுவரை எனக்குத் தெரியாது.

இறங்கினோம். ஷூவைக் கழற்றி லேஸை முடிந்து ஹேண்டில்பாரில் தொங்கவிட்டோம். ஹெல்மெட்டைக் கழற்ற மறந்துவிட்டோம். பதினான்கு பேர் வெறுங்காலோடு, தலையில் கவசத்தோடு, வண்டியைத் தள்ளிக்கொண்டு வரிசையாகப் போனோம். கோயில் வாசலில் தேங்காய் விற்ற அம்மா எங்களை முன்னால் இருந்து கடைசிவரை பார்த்துவிட்டுப் பக்கத்துப் பூக்காரியிடம் சொன்னார்:

“நானும் எத்தனையோ பாத்துட்டேன்டி. சைக்கிளுக்கு நேர்த்திக்கடன் இப்பத்தான் பாக்குறேன்.”

நடந்து மட்டும்

இதுவரை சொன்னதெல்லாம் மற்றவர்கள் போட்ட கோட்டில் நான் விழுந்த கதை. இனிச் சொல்வது நான் போட்ட கோட்டில் இன்னொருவர் விழுந்தது.

முந்தின வருஷத்துக்கு முந்தின தை மாதம், ஆவூர் பக்கம் தனியாக நடக்கப் போனேன். மாதா கோயிலைத் தாண்டி வயல்வெளி. ஒரு பெரிய வரப்பு, மாட்டுவண்டி போகிற அகலம், நேராக அந்தப் பக்கத்துத் தார் ரோட்டில் போய் முட்டியது. அதன் மேல் ஒரு பெண் குனிந்து துவரை அறுத்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். “இப்படிப் போகலாமாம்மா?” என்று கேட்டேன். நிமிர்ந்து, என் காலைப் பார்த்தார், பின்னால் வண்டி ஏதும் இருக்கிறதா என்று பார்த்தார். “போங்க. நடந்து மட்டும்” என்றார். துவரைக் கட்டைத் தாண்டும்போது கொஞ்சம் ஒதுங்கி வழிவிட்டார். அழகாக இருந்தது. ஒரு படம் எடுத்துக்கொண்டேன்.

அன்று மாலையே வரைபடத்தில் ஏற்றினேன். கோடு, என் பெயர், தேதி, படம். குறிப்பில் ‘தார் ரோட்டுக்குக் குறுக்கு வழி’ என்று எழுதினேன். முப்பது வருஷப் பழக்கத்தில் சுருக்கமாக எழுதினேன். சுருக்கியதில் விழுந்தது அந்த அம்மா சொன்ன இரண்டு வார்த்தைகள்தான்.

பங்குனியில் எங்கள் சைக்கிள்கள் அதில் போயின. அப்புறம் திருச்சியிலிருந்து ஒரு குழு. அப்புறம் மோட்டார் சைக்கிள்கள். அடுத்த தையில் அறுப்பு முடிந்து வயல் காய்ந்ததும், அந்தப் பக்கம் இருந்த செங்கல் சூளையின் டிராக்டர் வந்தது. டிரைவரின் போன் அந்த வழியைத்தான் காட்டியது. எனக்கு இதெல்லாம் தெரியாது. வைகாசியில் ஒரு நாள் காலை என் வீட்டு கேட்டைத் தட்டி ஒரு பெண் நின்றார். கையில் போன்.

“லூர்துமேரிங்க. எம்மக குவைத்துல நர்சு. அவதான் போன்ல பாத்துட்டு, அம்மா நம்ம வரப்பு ரோடாயிருக்குன்னா. யாரு போட்டதுன்னு கேட்டேன். ஒங்க பேரச் சொன்னா.”

உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை. டிராக்டர் ஏறி வரப்பு இரண்டு இடத்தில் உடைந்துவிட்டது என்றார். மேல் வயலில் தண்ணீர் கட்ட முடியாது. போன வருஷம் வரப்பில் போட்ட துவரை மோட்டார் சைக்கிள் டயரில் நசுங்கி முளைக்கவே இல்லை. தடுத்தால், ‘மேப்லயே ரோடுன்னு இருக்கு, நீ என்ன மறிக்கிறது’ என்று சூளைக்காரர் கேட்கிறார். அவருக்கு இருப்பது அந்த இரண்டு வயல்தான். நான் மன்னிப்புக் கேட்டேன், அன்றைக்கே அழித்துவிடுகிறேன் என்றேன். அவர் கேட்டுக்கொண்டே நின்றார்.

“நான் நடக்கச் சொன்னது ஒங்கள. ஊர இல்ல.”

மறுப்புச் செய்தி

அழித்தேன். நாலு நாள் கழித்துப் பார்த்தால் கோடு திரும்பவும் இருந்தது. முன்னைவிடத் தடித்து. என்னுடையது நடைபாதைக்கான புள்ளிக் கோடு, இது டிராக்டர் பாதைக்கான முழுக் கோடு. போட்டவர் எந்த ஊரோ, ஆவூரைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார். அவருக்கு எழுதினேன். மரியாதையாகப் பதில் வந்தது: புதிய வான்படத்தில் இரண்டு சக்கரத் தடம் தெளிவாகத் தெரிகிறது, நீங்கள் ஏன் அழித்தீர்கள்?

நான் என்ன பதில் எழுதுவது? தடம் இருப்பது உண்மை. அதை உண்டாக்கியது என் கோடு. பத்திரிகையில் தப்பாக எழுதினால் மறுநாள் ஏழாம் பக்கத்தில் சின்ன எழுத்தில் மறுப்புப் போடுவோம். யாரும் படிக்க மாட்டார்கள், ஆனால் போட்டோம் என்று இருக்கும். இங்கே மறுக்கவும் வழியில்லை. இந்த வரைபடத்தில் ரொம்ப நாளாகக் கோடு போடுகிற ஒருவர் கடைசியில் யோசனை சொன்னார்: அழிக்காதே, அழித்தால் வேறு யாராவது போடுவார்கள். கோட்டை வைத்துக்கொண்டே, தனியார் நிலம், அனுமதியில்லாமல் போகக் கூடாது என்று அதில் குறித்துவை. அப்போது போன் அந்த வழியைக் காட்டாது. அப்படியே செய்தேன். டீக்கடையில் கணேசமூர்த்தியிடம் முழுவதையும் சொன்னேன். அவர் கிளாஸை வைத்துவிட்டுச் சொன்னார்:

“சார், பொய்ய எழுதியிருந்தா திருத்திக்கலாம். நீங்க எழுதினது உண்மையாயிருச்சே, அத என்ன பண்றது?”

முள்

ஆடியில் லூர்துமேரி உடைப்பை அடைத்தார். வரப்பு நெடுகத் துவரை ஊன்றினார். இரண்டு முனையிலும் கருவேல முள்ளை வெட்டிப் போட்டார். போன் காட்டவில்லை என்பதற்காக டிராக்டர் வழியை மறந்துவிடாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பதினைந்து நாளில் சூளைக்காரர் தாலுகா ஆபீஸில் மனுக் கொடுத்தார்: காலம்காலமாக மக்கள் போய்வந்த பொதுப்பாதையை முள் போட்டு மறித்துவிட்டார், திறந்துவிட வேண்டும். மனுவோடு ஒரு காகிதம் இணைத்திருந்தார். என் வரைபடத்தின் அச்சுப் பிரதி, நான் திருத்துவதற்கு முன்னால் எடுத்தது.

பொதுப்பாதை என்று எழுதிவிட்டால் முடிந்தது. வரப்பு போகும், மேல் வயலுக்குத் தண்ணீர் நிற்காது, நடுவில் டிராக்டர் ஓடும். லூர்துமேரி எனக்குப் போன் செய்தார். பேச்சில் கோபம் இல்லை. அதுதான் சங்கடமாக இருந்தது.

“விசாரணைக்குக் கூப்பிட்டிருக்காங்க. நீங்க வாரீங்களா? வந்து, நாந்தான் போட்டேன்னு மட்டும் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்.”

ஆதாரம்

புரட்டாசியில் விசாரணை. அறையில் ஒரு பெண் அதிகாரி, மேஜைமேல் புலப்படம் என்கிற சர்வே வரைபடம், எதிரே சூளைக்காரர், இந்தப் பக்கம் நாங்கள் இருவர். புலப்படத்தில் பாதை இல்லை, வரப்புதான் இருக்கிறது என்றார் அதிகாரி. புலப்படம் பழசு, மக்கள் நடக்கிறது அதில் ஏறாது, இதைப் பாருங்கள் என்று சூளைக்காரர் அச்சுப் பிரதியைத் தட்டினார்.

நான் எழுந்து, கோடு போட்டது நான், அதற்கு முன்னால் அங்கே வரைபடத்தில் எதுவும் இல்லை என்றேன். போனில் திருத்தங்களின் வரலாற்றைக் காட்டினேன். முதல் பதிவு என் பெயரில், நான் நடந்து போன அந்தத் தையில்.

சூளைக்காரர் சிரித்தார். “சார், நீங்க பெரிய ஆளு, பேப்பர்ல இருந்தவுக. வழி இல்லாமயா வழின்னு போட்டீங்க? நடந்துதான போட்டீங்க?”

“நடந்துதான் போட்டேன்.”

“அப்ப வழி இருந்துச்சு.”

இத்தனை வருஷம் நான் மற்றவர்களைக் கேட்ட மாதிரிக் கேள்வி அது. அப்போது லூர்துமேரி என் கையிலிருந்த போனைக் காட்டி, “அந்தப் படத்தக் காட்டுங்க” என்றார். “எந்தப் படம்?” என்றேன். “எம்மக சொன்னா. அன்னைக்கு நீங்க எடுத்தது.”

கோட்டோடு நான் சேர்த்திருந்த படம். அழகுக்காகச் சேர்த்தது, அப்புறம் நானே திறந்து பார்க்காதது. அதிகாரி போனை வாங்கி விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். வரப்பு முழுக்க, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை, அறுத்த துவரைத் தட்டை. பாக்கி, அறுக்காமல் நின்ற துவரை, இடுப்பு உயரம். நடுவில் அரிவாளோடு லூர்துமேரி. வண்டி போயிருந்தால் அங்கே துவரை நின்றிருக்காது.

“வருசா வருசம் வரப்புல தொவர போடுவோம்ங்க,” என்றார் லூர்துமேரி. “பொதுப்பாதையில யாராச்சும் தொவர போடுவாங்களா?”

அதிகாரி இடத்தையும் வந்து பார்ப்பதாகச் சொல்லி, படத்தை அச்செடுத்துத் தரும்படி கேட்டார். வாங்கிக் கோப்பில் வைத்துக் கட்டியபிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்:

“முப்பது வருசம் பேப்பர்ல எழுதியிருக்கீங்க. அதுல ஒண்ணக்கூட இங்க யாரும் ஆதாரமாக் கொண்டாந்ததில்ல சார்.”

அளவையர் வந்த நாள்

கார்த்திகையில் நில அளவையர் வந்தார். நானும் போயிருந்தேன். முதல் நாள் மழை. வயலில் நடவு நட்டுப் பச்சை பிடித்திருந்தது. வரப்பில் துவரை நெஞ்சு உயரம், மஞ்சள் பூ. அளவையர் முள்ளை விலக்கி ஒரு காலை வைத்தார், துவரைக்குள் வழி தெரியாமல் நின்றார். பழக்கத்தில் நான் போனை எடுத்தேன். அதில் கோடு இருந்தது, என் சிவப்புக் குறியோடு. லூர்துமேரி எட்டிப் பார்த்தார்.

“இன்னுமா அது கெடக்கு?”

“அழிச்சா வேற ஆளு போட்டுருவாங்கம்மா. அதான் போகக் கூடாதுன்னு எழுதி வச்சிருக்கேன்.”

“நடக்கலாம்னும் எழுதுங்க. கேட்டுட்டு நடக்கலாம்னு.” பிறகு அளவையர் பக்கம் திரும்பினார். “சார், அங்கிட்டுச் சுத்தி வாங்க. தொவர ஒடிஞ்சிரும்.”

முப்பது வருஷம் அச்சில் எழுதி ஒரு வாய்க்காலைக்கூட நகர்த்த முடியாதவன் ஒரே மாலையில் விரல் நுனியால் ரோடு போட்டேன், அதைத் திரும்ப வரப்பாக்க ஒரு போகம் துவரை பிடித்தது.

சூளைக்காரரின் மனு தை எட்டாம் தேதி தள்ளுபடியானது. மறுவாரம் துவரை அறுத்தார்கள்.